மலையில் ஒரு கோபக்காரப் பையனின் கதையை எடுக்கும்போது

கோத்தகிரி, கூடலூர் பக்கம் சின்ன பட்ஜெட்டில் குடும்பப் படம் எடுக்க வருகிறவர்கள் என்னிடம் படிக்கக் கொடுத்த கதைகளில் அடிக்கடி ஒரு 15 வயதுப் பையன் வருவான். பள்ளிக்கூடம் போகமாட்டான், வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டான், கையில் கிடைத்ததை உடைப்பான். நல்ல கதைதான். ஆனால் அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கு ஒரே காரணம் வைத்துவிடுகிறார்கள்: அப்பா குடிக்கிறார். எனக்குத் தெரிந்து பெரிய தவறு இதுதான்.

அப்பா குடிக்கட்டும். அவர் குடிக்காத நாளில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறாள், விரல் நுனியெல்லாம் இலைக்கறை. மழை நாளில் பச்சை இலையை எடை போடும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துவிடுவார்கள். அந்த எடைச் சீட்டைப் பையன் எடுத்துப் பார்க்கிறான், மனசுக்குள் கணக்குப் போடுகிறான், மடித்து டிவி மேல் வைக்கிறான். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்க இருந்தவன் கேட்காமலே படுத்துக்கொள்கிறான். மறுநாள் வகுப்பில் எவனையோ அடிக்கிறான். இதற்கு மேல் ஃப்ளாஷ்பேக் எதுவும் வேண்டாம்.

அப்புறம் மூடுபனி. பையன் மனம் நொந்தால் உடனே பாறை மேல் உட்காரவைத்துப் பனியைப் பார்க்கவைக்கிறார்கள். இங்கேயே வளர்ந்தவனுக்குப் பனிக்காலம் என்றால் காயாத யூனிஃபார்மும் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கும் சாக்ஸும்தான். அதைக் காட்டுங்கள்.

மழையிலும் கணக்குத் தப்பும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூரில் கொட்டுகிற மாதிரி கோத்தகிரியில் கொட்டாது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்தால் வசனம் ஒன்றும் பதிவாகாது. அப்படியானால் அம்மாவும் மகனும் போடும் சண்டையை மழைச் சத்தத்தோடே எடுத்துவிடுங்கள். வாய் அசைவது மட்டும் தெரியட்டும்.

பேச்சு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஹட்டியில், அதாவது படகர் ஊரில், இருக்கும் வீட்டில் அவர்கள் மொழியான படுகு பேசுவார்கள். கூடலூரில், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் தமிழ் வேறு. எல்லார் வாயிலும் சென்னைத் தமிழை வைத்தால் முதல் காட்சியிலேயே அந்த வீடு பொய்யாகிவிடும்.

கடைசியாக, நடிக்கிற பையன். 14 வயது நிறையாதவர்களை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வு தராமல் 3 மணி நேரத்துக்கு மேலோ நடிக்கவைக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். 15 வயதுப் பையனுக்கும் அந்த ஓய்வைக் கொடுங்கள்.

அழுகை வரவழைக்க அவன் சொந்தக் காயத்தைத் தொடாதீர்கள். ஒரு படப்பிடிப்பில், "உங்க அப்பா விட்டுட்டுப் போனதை நினைச்சுக்கோப்பா" என்று ஒரு பையனிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஷாட் ஒரே டேக்கில் ஓகே ஆனது. அதற்கப்புறம் மூன்று நாள் அவன் யூனிட்டோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அழுகை வரவில்லையா, சரி, அவனைச் சமையல்கட்டு வாசலில் முதுகைக் காட்டி நிற்கவையுங்கள்.