ஃபைபர் பொடி வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மருந்துக்கடையில் போய் "மோஷன் சரியா போகல, ஏதாவது ஃபைபர் பொடி கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவதை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். முன்பக்கம் எல்லா டப்பாவும் ஒரே மாதிரிதான் பேசும், விஷயம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது.

முதலில் உள்ளே இருப்பது நார்தானா என்று பாருங்கள். மலச்சிக்கலுக்கென்று விற்கும் பொடிகள் சிலவற்றில் சென்னா, அதாவது நிலாவாரை சேர்ந்திருக்கும். அது நார்ச்சத்து இல்லை, குடலைத் தூண்டிவிடுகிற பேதி மருந்து. ராத்திரி குடித்தால் காலையில் வேலை முடிந்துவிடும் என்பதால் "சூப்பர் ஃபைபர்" என்று நம்பி மாதக்கணக்கில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படித் தொடர்ந்து எடுக்கிற சரக்கு இல்லை அது. நார் மெதுவாகத்தான் வேலை செய்யும், பலன் தெரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம்.

சரி, நார் என்றால் எந்த நார்? என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண இசப்கோல் உமியே போதும். தண்ணீரை இழுத்து வழுவழுவென்று ஊறி, இறுகிய மலத்தை இளக்கும், தண்ணியாகப் போகிறவர்களுக்கு அதையே கொஞ்சம் கட்டவும் செய்யும். கெட்ட கொழுப்பையும் ஓரளவு குறைக்கும். இன்யூலின் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து எடுத்தது. குடல் பாக்டீரியாவுக்கு நல்ல தீனிதான், ஆனால் சீக்கிரம் நொதிக்கும், ஏற்கெனவே வாயுத் தொல்லை இருப்பவர்களுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். ஐபிஎஸ் (வயிற்று வலியோடு மலம் போவதும் மாறி மாறித் தொல்லை தரும் குடல் கோளாறு) உள்ளவர்கள் கோதுமைத் தவிட்டையும் தவிர்ப்பது நல்லது, வலி கூடலாம்.

ஆரஞ்சு வாசனை வருகிற வகைகளில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள், சுகர் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கேப்ஸ்யூல் பார்க்க வசதி, ஆனால் ஒன்றில் அரை கிராம் அளவுக்குத்தான் உமி இருக்கும், ஒரு ஸ்பூனுக்கு ஈடாக எத்தனை விழுங்குவது!

வாங்கியாகிவிட்டதா, முதல் வாரம் தினம் ஒரு டீஸ்பூன் மட்டும். பெரிய டம்ளர் நிறைய தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பொடியை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் வேலை வேண்டாம், தொண்டையில் ஊறி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும், குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது, இதற்கெல்லாம் பொடி தேடாமல் முதலில் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், தைராய்டு, சுகர் என்று தினசரி மாத்திரை போடுகிறவர்கள் அதோடு சேர்த்து இதைக் குடிக்காதீர்கள், மருந்து உடம்பில் சேர்வதை நார் குறைத்துவிடலாம். பொதுவாக இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் விட்டால் நல்லது. காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரை போடுகிறவர்கள் பொடியை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், ஆனால் குடித்த கையோடு படுத்துவிடாதீர்கள்.