கிட் ஸ்டுடியோவுடையது, ஸ்நேர் என்னுடையது

வடபழனியில் டிரம்ஸ் ரெக்கார்டிங். முழு கிட்டையும் ஏற்றிப்போனால் வண்டி வாடகை ஒரு பக்கம், மாட்டி டியூன் பண்ணுவதிலேயே ஸ்டுடியோ நேரம் கரைவது இன்னொரு பக்கம். அதனால் 14 அங்குல ஸ்நேர் (அடியில் கம்பிச் சுருள் உள்ள சிறிய டிரம்), சிம்பல்கள் (உலோகத் தட்டுகள்), கிக் பெடல் மட்டும் என்னுடையவை. கிக்கும் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) டாம்களும் (மற்ற டிரம்கள்) ஸ்டுடியோவுடையவை, அந்த அறையில் அவற்றுக்கு மைக் எங்கே வைப்பது என்பது அங்குள்ள என்ஜினியருக்கு அத்துப்படி.

சிக்கல் ஃப்ளோர் டாமில், அதாவது தரையில் காலூன்றி நிற்கும் பெரிய டாமில். தோல் நடுவில் குழி விழுந்து, எவ்வளவு முறுக்கினாலும் ‘டொப்’ என்றுதான் கேட்டது. முன்னாடியே போய்ப் பார்த்திருந்ததால் 16 அங்குலப் புதுத் தோல் கையில் இருந்தது. எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, உள்ளங்கையால் நடுவில் அழுத்தி உட்காரவைத்து, மறுபடி டியூன் செய்ததும் சரியானது.

அப்புறம், நம்ம ஊர் வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் போனதும் ஸ்நேரைத் தொடாதீர்கள், கொஞ்ச நேரம் ஆறட்டும், சுருதி நகரும்.