வாங்கிய தூண்டில் நரம்பு சொன்ன எடையைத் தாங்குமா? வீட்டிலேயே பார்த்துவிடலாம்

நல்ல பெயருள்ள தூண்டில் நரம்பாக வாங்கிவிட்டால் கவலையில்லை என்றிருந்த காலம் போய்விட்டது. பெயர் அதே, அட்டை அதே, நிறமும் அதே. சுற்றியிருக்கும் சரக்கு மட்டும் பழைய ஸ்பூலில் இருந்தது இல்லை. அதனால் "எந்த பிராண்டு நல்லது?" என்று கேட்பதையே நான் விட்டுவிட்டேன். எது வந்தாலும் ரீலில் ஏற்றுவதற்கு முன் சோதித்துவிடுவேன். ரீலில் ஏற்றுவதும் முடிச்சுப் போடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எடுத்து வைக்க வேண்டியவை: பயணப்பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு (எட்டிய உச்ச எடையை நிறுத்திக் காட்டும் வகையாக இருந்தால் வேலை சுலபம்), வழவழப்பான உருளைக் கட்டை ஒன்று, ஸ்கேல், சாப்பாட்டு உப்பு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடி போடாமல் மூன்றாவது படிக்குப் போகாதீர்கள். அறுந்த நரம்பு முகத்தை நோக்கித்தான் வரும்.

படி 1: பவுண்டைப் பார்க்காதீர்கள், கனத்தைப் பாருங்கள்

அட்டையில் எத்தனை பவுண்டு வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மில்லிமீட்டரில் ஏமாற்றினால் அளந்து பிடித்துவிடலாம். மைக்ரோமீட்டர் இல்லையென்றால் நரம்பைப் பென்சிலில் இடைவெளி விடாமல் 20 சுற்று சுற்றி, அந்தப் பட்டையின் அகலத்தை அளந்து 20ஆல் வகுங்கள். 6.6 மி.மீ. வந்தால் நரம்பின் கனம் 0.33 மி.மீ.

ஒப்பிட ஒரு கணக்கு: ஜப்பானிய எண் முறையில் 1ஆம் எண் நைலான் நரம்பு 0.165 மி.மீ., சுமார் 4 பவுண்டு தாங்கும். 4ஆம் எண் 0.33 மி.மீ., சுமார் 16 பவுண்டு, அதாவது 7 கிலோவுக்குச் சற்று மேல். கனம் இரு மடங்கானால் தாங்கும் எடை நான்கு மடங்காகிறது. இதை வைத்துக்கொண்டு பார்த்தால், 0.30 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு) 15 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும் அட்டையைக் கையில் எடுக்கவே மாட்டீர்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. 0.30 என்று போட்டுவிட்டு 0.37 கனத்தில் கொடுப்பார்கள். எடை தாங்கும்தான், ஆனால் எறிதூரம் குறையும், ஸ்பூலிலும் குறைவாகவே கொள்ளும்.

(பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது அழுத்தினால் தட்டையாகிவிடும்.)

படி 2: புளோரோகார்பன் என்று விற்றால் உப்புக் கரைசலில் போடுங்கள்

புளோரோகார்பன் என்பது நைலானைவிட அடர்த்தியான வேறொரு பிளாஸ்டிக் நரம்பு. ஒரு டம்ளர் தண்ணீரில் இனிமேல் கரையாது என்னும் வரை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.2 ஆகிவிடும். நைலான் சுமார் 1.14, அதில் மிதக்கும். உண்மையான புளோரோகார்பன் சுமார் 1.78, அடியில் போய் உட்காரும். துண்டின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எதுவும் மிதப்பதுபோலத் தெரியும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு, முழுக்க அமுக்கிப் பாருங்கள். நைலான் மேல் புளோரோகார்பன் பூசி வருவதும் உண்டு. அது தரக்குறைவு என்று சொல்லமாட்டேன், ஆனால் முழு புளோரோகார்பன் விலை கொடுக்கத் தேவையில்லை.

படி 3: ஊறவைத்து, முடிச்சோடு இழுங்கள்

வெகுநாள் என்னைக் குழப்பிய இடம் இதுதான். காய்ந்த நரம்பை இழுத்துப் பார்த்தால் தராசு அட்டையில் உள்ள எண்ணையே காட்டும், தண்ணீரில் போட்டால் அதைவிடக் குறைந்த எடையிலேயே அறுந்துவிடும். நைலான் தண்ணீர் குடிக்கும். குடித்தால் பலம் குறையும். அதற்கு மேல் முடிச்சு ஒரு பங்கைத் தின்றுவிடும். மீனோடு மல்லுக்கு நிற்பது ஈரமான, முடிச்சுப் போட்ட நரம்பு. அதைத்தான் சோதிக்க வேண்டும்.

ஸ்பூலின் மேல் சுற்றில் சில மீட்டரை வெட்டி எறியுங்கள், கடை வெளிச்சத்தில் வெந்திருக்கும். அடுத்து ஒவ்வொரு மீட்டராக ஐந்து துண்டு வெட்டி இரண்டு மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். ஒரு முனையை நீங்கள் வழக்கமாகப் போடும் முடிச்சால் தராசுக் கொக்கியில் கட்டுங்கள். இறுக்கும் முன் முடிச்சை நனைத்தாக வேண்டும், இல்லையென்றால் உரசும் சூட்டில் நைலான் வெளுத்து அங்கேயே செத்துவிடும். மறுமுனையைக் கட்டையில் ஏழெட்டுச் சுற்று சுற்றிப் பிடித்து, வெடுக்கென்று இல்லாமல் மெதுவாகக் கூட்டி இழுங்கள். பிரெய்டை வெறுங்கையில் சுற்றாதீர்கள், சதையை அறுக்கும்.

ஐந்தின் சராசரி எனக்கு வேண்டாம். ஆகக் குறைந்ததை எழுதிக்கொள்கிறேன், அதுதான் என் நரம்பின் பலம். ஐந்தும் நெருக்கமாக வந்து, அட்டையில் உள்ளதில் முக்கால் பங்கு இருந்தால் எனக்குத் திருப்தி. ஒன்று ஏழு, ஒன்று மூன்று என்று தாவினால் அந்த ஸ்பூல் செடிக்குப் பந்தல் கட்டத்தான்.

அறுந்த முனையையும் பாருங்கள். பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது, நரம்பைத் திட்டாதீர்கள். முடிச்சே இல்லாத நடுப்பகுதியில் அறுந்தால் சரக்கில் கோளாறு.

படி 4: முள், சுவிவல்

தூண்டில் முள்ளின் கூர்முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுத்தால் மாட்ட வேண்டும், வழுக்கினால் மழுங்கல். முள்ளின் காதைத் தவறாமல் பாருங்கள். கம்பியை வளைத்த இடம் முழுதாக மூடாமல் சின்ன இடுக்கு இருந்தால் நரம்பு அதற்குள் நழுவிப்போய் அறுபடும். ஒரு பாக்கெட்டில் ஒரு முள்ளைப் பலி கொடுத்து, குறட்டால் வளைத்துப் பாருங்கள். பட்டென்று முறிவதும் வேண்டாம், ஈயம்போல் விரிவதும் வேண்டாம்.

நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இடையில் கட்டும் சுழலிதான் சுவிவல். அது விரலில் சுழல்வதை வைத்து ஏமாறாதீர்கள். இரண்டு மூன்று கிலோ தொங்கவிட்டுச் சுழற்றுங்கள், மட்டமானது இறுகி நின்றுவிடும். ஈயக்குண்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. சுவிவலிலும் முள்ளிலும் காசு பார்க்காதீர்கள்.

படி 5: டிராக்

மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிதான் டிராக். அதை வைக்க வேண்டியது மூன்றாவது படியில் எழுதிய அந்தக் குறைந்த எண்ணில் நாலில் ஒரு பங்கு. 5 கிலோ வந்திருந்தால், தராசை நரம்பு முனையில் மாட்டி இழுக்கும்போது 1.25 கிலோவில் ஸ்பூல் நழுவ ஆரம்பிக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: "சோதனையில் தேறிய நரம்பு தண்ணீரில் அறுகிறது, அதுவும் முடிச்சுக்கு வெகு தூரத்தில்" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நரம்பை விட்டுவிட்டு ராடின் வளையங்களைப் பாருங்கள். பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றி எடுத்தால், உள்ளே இருக்கும் பீங்கான் விரிசலில் இழை மாட்டும். ரீல் ஸ்பூலின் விளிம்பையும், நரம்பு உருளும் சிறு சக்கரத்தையும் அதே மாதிரி தடவிப் பாருங்கள். அந்தச் சக்கரம் சுழலாமல் நின்றிருந்தால் எந்த நரம்பு போட்டாலும் அறுக்கும்.

பிரெய்டு ஏற்றியவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று: டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு போய்க்கொண்டே இருக்கும். டிராக் கெட்டிருக்காது. பிரெய்டு மொத்தமாக ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் சில சுற்று நைலானைச் சுற்றி, அதில் பிரெய்டைக் கட்டி ஏற்றினால் நின்றுவிடும்.