பலோதிக்கு மாற்றலா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

வங்கி வேலையோ, பாட்லா சோலார் பூங்காவில் ஒப்பந்த வேலையோ, ஏதோ ஒன்று உங்களை ராஜஸ்தானின் பலோதிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவில் இருக்கும், உப்புக்குப் பேர்போன அமைதியான ஊர். கூகுளில் தேடினால் 2016 மே 19 அன்று அங்கே பதிவான 51 டிகிரிதான் முதலில் கண்ணில் படும்.

அதைப் பார்த்துவிட்டும் "நாம பாக்காத வெயிலா" என்று கிளம்புகிறார்களே, அதுதான் பெரிய தவறு. நம் ஊரில் சட்டை நனைந்து உடம்பே எச்சரித்துவிடும். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். ஒன்றும் ஆகவில்லை என்று சுற்றிவிட்டு, சாயங்காலம் தலைவலியோடு படுப்பீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்புப் போட்ட மோர் குடியுங்கள். தலை, காது, முகத்தைத் துணியால் சுற்றாமல் பைக்கை எடுக்காதீர்கள்.

வீட்டில் ஏர் கூலர் இருக்கும். சென்னையில் அதை நம்பி ஏமாந்தவர்கள்கூட அங்கே தைரியமாக வாங்கலாம். காற்று காய்ந்து கிடப்பதால் அருமையாக வேலை செய்யும். ஆனால் ஏசி போட்ட பழக்கத்தில் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறார்கள். உள்ளே வரும் ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அறை புழுங்கத்தான் செய்யும். எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். புழுதிப்புயல் கிளம்பினால் மட்டும் ஓடிப்போய்ச் சாத்துங்கள்.

மே மாத மதியம் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு, "செத்த ஊருப்பா" என்று வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். கோடையில் ஊர் நடப்பது காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். மூன்று மணிக்குப் பிளம்பரைக் கூப்பிட்டால் வரமாட்டார். அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமுமில்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் வெளியூர்க்காரர்கள் கெட்டபெயர் வாங்குகிறார்கள். இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் இப்போது குழாயில் வருகிறது, நினைத்த நேரத்துக்கு அல்ல. சுற்றுக் கிராமங்களில் 'டாங்கா' இன்னும் உண்டு. மழைநீர் சேரும் நிலத்தடித் தொட்டி அது. சுற்றிலும் தரையைச் சரிவாக மெழுகியிருப்பார்கள். மழைக்கு முன் அதைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். வெறும் தரைதானே என்று செருப்புக் காலோடு ஏறி நின்றால், நீங்கள் மிதிப்பது அவர்கள் குடிதண்ணீர் ஓடிவரும் பாதை. குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஜனவரி இரவில் ரஜாய் எனும் பஞ்சுப் போர்வை இல்லாமல் தூக்கம் வராது.

குளிர்காலத்தில் பக்கத்துக் கீச்சனுக்குக் கட்டாயம் போங்கள். மங்கோலியா, நடு ஆசியப் பக்கமிருந்து 'குர்ஜா' கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் ஊர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2025இல் சேர்ந்தது. பத்து மணிக்குக் கிளம்புவது வீண். விடிந்ததும் தானியம் கொத்த இறங்கும்போது பார்க்க வேண்டும், பிறகு குளக்கரைக்குப் போய்விடும். படத்துக்காகக் கிட்டே ஓடினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அந்தப் பக்கத்து மின்கம்பிகளில் மோதிச் செத்த பறவைகள் உண்டு.

தேர்தல் வந்தால் 'பலோதி சட்டா பஜார்', அதாவது இந்த ஊர்ப் பந்தயச் சந்தையின் கணிப்பு, செய்திகளில் அடிபடும். அங்கே மழை வருமா என்பதற்கே பந்தயம் கட்டுகிறவர்கள் உண்டு. டீக்கடையில் நின்று கேளுங்கள், சுவாரசியமாக இருக்கும். பணம் மட்டும் வைக்காதீர்கள், அது சட்டவிரோதம்.