லேப்டாப்பில் தெரிந்த படம் சர்வரில் எங்கே போனது?

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் சனி, ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ப்ரோகிராமிங் சொல்லித் தருகிறேன். தீபாவளி நெருங்கிவிட்டால் கீழே நிற்கும் கூட்டத்தைத் தாண்டி மாடிப்படியைப் பிடிப்பதே பெரும் பாடு. அது கிடக்கட்டும். வகுப்பில் என் காதில் அதிகம் விழும் புகார் இதுதான்: "அண்ணா, என் மெஷின்ல வருது, ஹோஸ்ட் பண்ணா வரல." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு படமோ, ஃபான்ட்டோ, ஜேசான் எனும் டேட்டா ஃபைலோ காணாமல் போயிருக்கும். கோட் சரி, ஃபைலும் இருக்கிறது. தேடுகிற இடம்தான் தப்பு.

சி டிரைவில் தொடங்கி, தன் பெயர், டெஸ்க்டாப் என்று முழு பாத்தையும், அதாவது ஃபைலின் முழு முகவரியையும், அப்படியே கோடில் ஒட்டுவது ஆரம்பநிலைத் தவறு. அடுத்தவர் மெஷினில் உன் பெயரில் ஃபோல்டர் எதற்கு இருக்கப்போகிறது என்று ஒருமுறை கேட்டால் போதும், எல்லாரும் ரிலேட்டிவ் பாத்துக்கு, அதாவது நிற்கும் இடத்திலிருந்து சொல்லும் வழிக்கு, மாறிவிடுகிறார்கள். அங்கேதான் அடுத்த குழி. நம் ஏரியாவில் வழி கேட்டால் "கல்மண்டபம் தாண்டி லெஃப்ட்" என்பார்கள். ராயபுரத்திலிருந்து வருபவருக்கு அந்த லெஃப்ட் ஒரு பக்கம், தண்டையார்பேட்டையிலிருந்து வருபவருக்கு நேர் எதிர்ப்பக்கம். ரிலேட்டிவ் பாத்தும் அப்படித்தான். பைத்தானில் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்து ஓப்பன் செய்தால், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் தேடும் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ப்ரோகிராமை ஓடவிட்டோமோ, அங்கிருந்துதான் தேடும். எடிட்டரில் ரன் பட்டனை அழுத்தும்போது வழக்கமாக ப்ராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரில் நிற்கிறோம், வேலை நடந்துவிடும். அதையே குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஜாபில் போட்டால் அது ஹோம் ஃபோல்டரில் நின்று தேடும், கிடைக்காது.

ஸ்கிரிப்ட் தன் இருப்பிடத்தைத் தானே தெரிந்துகொண்டு, அங்கிருந்து கணக்குப் போட வேண்டும். பைத்தானில் இரட்டை அண்டர்ஸ்கோர் போட்ட ஃபைல் என்ற மாறி இதற்காகவே இருக்கிறது, அதை பாத்களைக் கையாளும் பாத்லிப் மாட்யூலிடம் கொடுத்தால் போதும். பேக்கேஜாகக் கட்டி மற்றவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் பேக்கேஜுக்குள் இருக்கும் ஃபைல்களைப் படிக்க உதவும் இம்ப்போர்ட்லிப் ரிசோர்சஸ் வழியாகப் போவது நல்லது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் ஃபைல்ஸ் ஃபங்ஷன் அதில் 3.9ஆம் பதிப்பில் வந்தது.

ஜாவா எழுதுபவர்களுக்கு இதே தலைவலி வேறு வேஷத்தில் வரும். கோடைக் கட்டித் தரும் மேவன் என்ற கருவியின் ப்ராஜெக்ட்டில் படங்களுக்கும் ப்ராப்பர்ட்டி ஃபைல்களுக்கும் எஸ்ஆர்சி, மெயின், ரிசோர்சஸ் என்று தனி ஃபோல்டர் உண்டு. கிளாஸ் ஃபைலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வசதி என்று படத்தை எஸ்ஆர்சி, மெயின், ஜாவாவுக்குள் போட்டால் மேவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, கடைசியில் கட்டித் தரும் ஜார் எனும் பொட்டலத்துக்குள் படம் போய்ச் சேராது. சரியான ஃபோல்டரில் போட்டவர்களும் அதை ஃபைல் கிளாஸ் கொண்டு திறந்து மாட்டிக்கொள்வார்கள். ஐடிஇ-யில் (கோட் எழுதும் எடிட்டரில்) ஓடும்போது அது டிஸ்கில் கிடக்கும் நிஜ ஃபைல், திறக்கும். ஜார் ஆன பிறகு அது ஒரு ஜிப்புக்குள் இருக்கும் துண்டு, டிஸ்கில் அப்படி ஒரு பாத்தே கிடையாது. கெட் ரிசோர்ஸ் ஆஸ் ஸ்ட்ரீம் என்று வாங்கிப் படித்தால் இரண்டு இடத்திலும் ஓடும். அதிலும் ஒரு கூத்து இருக்கிறது. கிளாஸிடம் கேட்கும்போது முன்னால் ஸ்லாஷ் போட்டால் உச்சியிலிருந்தும், போடாவிட்டால் அந்த கிளாஸின் பேக்கேஜிலிருந்தும் தேடும். கிளாஸ்களை ஏற்றித் தரும் கிளாஸ்லோடரிடம் கேட்டால் எப்போதும் உச்சியிலிருந்துதான், அங்கே ஸ்லாஷ் போடவே கூடாது. இதை நான் இன்னும் ஒவ்வொரு முறையும் எழுதிப் பார்த்துத்தான் சரி செய்கிறேன்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மாதம் ஒருவராவது விழுகிறார்கள். ஃபைல் பெயரில் எல் எழுத்து பெரிதாகவும் கோடில் சிறிதாகவும் இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, மேக்கும் வழக்கமான செட்டிங்கில் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. தப்பு தெரிந்து பெயரை மாற்றிய பிறகும், கோடின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் "ஒன்றும் மாறவில்லை" என்று சாதிக்கும், ஏனென்றால் அந்த மெஷினில் அதற்கும் இரண்டும் ஒன்றுதான். முதலில் சம்பந்தமில்லாத ஒரு பெயருக்கு மாற்றி, அப்புறம் சரியான பெயருக்கு மாற்றுங்கள், கிட் எம்வி கட்டளை கொண்டே. எதற்கு வம்பு, தொடக்கத்திலிருந்தே எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளிக்குப் பதில் அண்டர்ஸ்கோர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் படங்களை வைக்கும் ரெஸ் ஃபோல்டர் இதைக் கட்டாயமே ஆக்கியிருக்கிறது. சின்ன எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் தவிர வேறு எதையும் ஏற்காது, எண்ணில் தொடங்கவும் விடாது.

இதற்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணனுக்காக வகுப்புத் தம்பி ஒருவன் அன்றன்றைய விலைப் பலகையை வெப் பேஜாகச் செய்தான். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு படம், படத்துக்குத் தமிழிலேயே பெயர். அவன் லேப்டாப்பில் எல்லாம் பளிச்சென்று வந்தன. சர்வரில் ஏற்றியதும் வஞ்சிரம் வந்தது, சங்கரா வந்தது, நெத்திலி வந்தது. கொடுவா வரவில்லை, காரப்பொடியும் வரவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் இரண்டு ஃபைலும் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம், ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. அரை நாள் போனது.

கடைசியில் பிடிபட்டது, இரண்டு பெயரிலும் ஒகர ஒலி இருக்கிறது என்பது: கொடுவாவில் கொ, காரப்பொடியில் பொ. யூனிகோடில் (கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையில்) இந்த ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாக எழுதலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனி இரண்டு குறியீடுகளாக அடுக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை. தம்பி படங்களை ஒரு பழைய மேக்கில் பெயரிட்டு, ஜிப் செய்து கொண்டுவந்திருந்தான். அந்தக் காலத்து மேக் ஃபைல் சிஸ்டம் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். ஜேசானில் கீபோர்டில் அடித்த பெயரோ ஒரே குறியீடு. அவன் லேப்டாப்பும் மேக்தான், அது இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். நெத்திலியில் வெறும் எகரக் கொம்புதான், பிரிக்க ஒன்றுமில்லை, அதனால் தப்பித்தது.

ஃபைல் பெயரை meen01, meen02 என்று ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றச் சொன்னேன். தமிழ்ப் பெயர் ஜேசானுக்குள் தலைப்பாக மட்டும் இருக்கட்டும். திரையில் காட்ட வேண்டியதைத் தமிழில் வையுங்கள், மெஷின் தேட வேண்டியதை வெறும் அடையாளமாக வையுங்கள் என்று அன்றிலிருந்து வகுப்பில் சொல்லி வருகிறேன். ஒருவழியாகப் படம் வந்ததும் அண்ணனிடம் காட்டினோம். "தம்பி, இது கொடுவா இல்ல, களவா" என்றார்.

அதே ப்ராஜெக்ட்டில் இன்னொன்றும் நடந்தது. வீட் (Vite) என்ற வெப் கருவி கொண்டு கட்டும் ப்ராஜெக்ட்டுகளில் எஸ்ஆர்சிக்குள் (கோட் இருக்கும் ஃபோல்டர்) படம், ஃபான்ட் போன்றவற்றுக்கு ஒரு அசெட்ஸ் ஃபோல்டர், வெளியே பப்ளிக் என்று ஒரு ஃபோல்டர், இரண்டு இருக்கும். எதில் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறைய. அசெட்ஸில் இருப்பதை கோடிலிருந்து இம்ப்போர்ட் செய்தால், பில்டின்போது, அதாவது ஹோஸ்ட் செய்யும் வடிவத்தைக் கட்டும்போது, பெயரோடு ஒரு ஹாஷ் (படத்தின் உள்ளடக்கத்திலிருந்து வரும் எழுத்துக் கோவை) ஒட்டும். படம் மாறினால் பெயரும் மாறும், பிரவுசர் பழைய படத்தையே பிடித்துக்கொண்டிருக்காது. 4 கேபிக்குக் குறைவான சின்னப் படங்கள் தனி ஃபைலாகவே வராமல் கோடுக்குள் கரைந்துவிடும். பப்ளிக்கில் இருப்பது கைபடாமல் அப்படியே நகலாகும். தம்பி செய்தது, அசெட்ஸ் பாத்தை ஸ்ட்ரிங்காக எழுதி, கடைசியில் மீன் பெயரை ஒட்டியது. டெவலப்மென்ட் சர்வர் எஸ்ஆர்சி ஃபோல்டரையே நேராகக் காட்டுவதால் அங்கே ஓடும். பில்ட் ஆன பிறகு எஸ்ஆர்சியே இருக்காது. பெயர் டேட்டாவிலிருந்து வருகிற படங்களைப் பப்ளிக்கில் போடுங்கள். கோடில் பெயர் சொல்லி அழைப்பவற்றை அசெட்ஸில் போட்டு இம்ப்போர்ட் செய்யுங்கள்.

பப்ளிக் என்றால் நிஜமாகவே பப்ளிக், ஊருக்கே திறந்த வீடு. பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர் லிஸ்ட் ஒன்று எக்செல்லாக அங்கே கிடந்ததைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். லிங்க் எங்கும் கொடுக்கவில்லையே என்றான் அதைப் போட்டவன். பெயரை ஊகித்தால் போதுமே. போனில் எடுத்த படங்களையும் அப்படியே ஏற்றாதீர்கள். லொகேஷன் ஆனில் இருந்திருந்தால் படம் எடுத்த இடம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். தவிர, விரல் நகம் அளவுக் கட்டத்தில் காட்ட 4,000 பிக்சல் அகலப் படம் எதற்கு?

மொபைல் ஆப் செய்யும் ஃப்ளட்டரில் பப்ஸ்பெக் என்ற செட்டிங் ஃபைலில் அசெட் ஃபோல்டரை எழுதினால் அதன் உள்ஃபோல்டர்கள் தானாகச் சேராது, ஒவ்வொன்றையும் தனியாக எழுத வேண்டும். கேம் செய்யும் யூனிட்டியில் அசெட்டை எடிட்டருக்குள்தான் நகர்த்த வேண்டும். வெளியே விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் கூடவே இருக்கும் மெட்டா ஃபைல் பின்தங்கிவிடும், சீனில் இருக்கும் இணைப்புகள் அறுந்துபோகும்.

ஃபோட்டோஷாப் மூலங்களையும் வீடியோக்களையும் கிட்டுக்குள் திணிப்பது தாமதமாக வலிக்கும் தவறு. கிட் ப்ராஜெக்ட்டுகளை வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். 40 எம்பி ஃபைலை ஏற்றி, மறுநாள் அழித்தால் அது ஃபோல்டரில்தான் இருக்காது. வரலாற்றில் இருக்கும், ப்ராஜெக்ட்டை க்ளோன் செய்யும் (முழுதாக நகலிறக்கும்) ஒவ்வொருவர் தலையிலும் இறங்கும். மூலங்கள் டிரைவில் இருக்கட்டும், அல்லது பெரிய ஃபைல்களைத் தனியாக வைக்கும் கிட் எல்எஃப்எஸ்ஸை முதல் நாளே போடுங்கள். அப்புறம் ஃபைனல், ஃபைனல்2, நிஜ ஃபைனல் என்ற பெயர்கள். பழைய பதிப்பை வைத்திருக்கத்தானே கிட்.

தேவையில்லாததை அழிக்கும் முன் ஃபைல் பெயரை ப்ராஜெக்ட் முழுக்கத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் விலைப் பலகை மாதிரி பெயரைத் துண்டுகளாக ஒட்டுகிற இடத்தில் அந்தத் தேடல் "எங்கும் இல்லை" என்றே சொல்லும். அதை நம்பி அழித்துவிட்டு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தவர்கள் எங்கள் மாடியில் உண்டு.

மாடியில் ஒரு மூலையில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். ஹோஸ்ட் செய்யும் முன் எல்லாரும் அதில் புதிதாக க்ளோன் செய்து, பில்ட் செய்து, அந்த பில்டையே திறந்து காட்ட வேண்டும். கமிட் செய்ய மறந்த படம், எழுத்து மாறிய பெயர், எஸ்ஆர்சியை நம்பி எழுதிய பாத் எல்லாம் அங்கேயே மாட்டும். ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், மெதுவாகத்தான் ஓடும், பில்ட் முடிவதற்குள் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.