ஸ்கேனில் ஒன்றுமில்லை, கால் மட்டும் வரவில்லை: வீட்டுப் பெரியவரை மனநல சிகிச்சைக்கு எப்படிக் கொண்டுபோவது

வயதானவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போனால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கவாதம் இல்லை என்பதை நரம்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும், கோடாங்கி சொல்லக் கூடாது. நரம்பு அறுபடாமல், மூளையின் கட்டளை மட்டும் தடுமாறிக் கை கால் வராமல் போவதைச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு (FND) என்பார்கள். ஏற்கெனவே பக்கவாதமோ பார்க்கின்சனோ இருப்பவருக்கும் இந்தக் கோளாறு கூடவே வரலாம்.

செல்லூரில் எங்கள் அத்தை வாசப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, இடது கால் மட்டும் இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் அவரைப் படுக்க வைத்து, "இடது குதிகாலைக் கட்டிலில் அழுத்துங்கம்மா" என்றார். அழுத்தம் வரவில்லை. அப்புறம் வலது தொடையில் தன் கையை வைத்து, அதை எதிர்த்து வலது காலைத் தூக்கச் சொன்னார். இடது குதிகால் தானாகவே கட்டிலை நன்றாக அழுத்தியது! 1908-இல் ஹூவர் எழுதிவைத்த சோதனையாம். நரம்பு அறுந்துவிடவில்லை, நினைத்துச் செய்யும்போதுதான் கட்டளை தடுமாறுகிறது என்று அத்தைக்கே புரிந்தது. உங்கள் டாக்டரிடமும் இதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைப் பார்த்த பிறகு, "நடிக்கிறாங்க" என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

சைக்காலஜிஸ்ட் என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்பார்கள். கண் டாக்டர் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். "விழுந்த பயத்தில் கால் நடையை மறந்திருக்கு, பழக்க ஒருத்தர் இருக்கார்" என்றோம், வந்தார்.

கண்ணாடி, காது மெஷின், மாத்திரைச் சீட்டு மூன்றும் பையில் இருக்கட்டும். களைப்பில்லாத காலை நேரமாகக் கேளுங்கள். பேசியதைப் பெரிய எழுத்தில் நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அங்கே பழைய சோகத்தைத் தோண்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். எல்லாருக்கும் அப்படி ஒன்று இருந்தாக வேண்டியதில்லையாம். எப்போது இழுக்கிறது, அப்போது மனசில் என்ன ஓடுகிறது என்றுதான் சைக்காலஜிஸ்ட் கேட்டார். "விழுந்திருவேன்" என்ற நினைப்பு, உடனே காலையே உற்றுப் பார்ப்பது, அதனால் கால் விறைப்பது, மறுபடி பயம். இந்தச் சுற்றை உடைப்பதுதான் வேலை. பிசியோதெரபிஸ்ட் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டில் நடந்தபோது இழுப்பே இல்லை. வீட்டில் மல்லிகை விலையைப் பேசிக்கொண்டே பூக்காரம்மா வரைக்கும் நடை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கைத்தடியை எப்போது விடுவது என்பதை பிசியோவே சொல்லட்டும்.

இதே கோளாறில் கால் இழுப்புக்குப் பதிலாக வலிப்பு மாதிரி வருபவர்களுக்கு: தலைக்கடியில் துணி வையுங்கள், கையில் சாவி திணிக்காதீர்கள், வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் தடவை என்றாலோ, 5 நிமிடம் தாண்டினாலோ ஆஸ்பத்திரிதான். பிரிட்டனில் இந்த வகைக்காரர்கள் 368 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், சைக்காலஜிஸ்ட் பேசித் தரும் மனநல சிகிச்சையால் வலிப்பின் எண்ணிக்கை உறுதியாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்றாட வேலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அந்த அளவுக்கே எதிர்பாருங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "கால் எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டாம். வேறு எதை வேண்டுமானாலும் பேசட்டும்.