சீன வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்: கவுன்சில் தேர்தல் வாலண்டியருக்கு ஒரு செய்முறை

போன தேர்தலில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் ஒரு சிட்டி கவுன்சில் வேட்பாளருக்காக வீடு வீடாக அலைந்தேன். "நீங்களும் ஏசியன்தானே, ஆசிய ஓட்டை நீங்களே பாருங்கள்" என்று தலையில் கட்டிவிட்டார்கள். சீன மொழியில் 'நீ ஹாவ்' தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். வேட்புமனு, நன்கொடைக் கணக்குக்குள் எல்லாம் போகவில்லை.

1. பட்டியல்

கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் வாக்காளர் பட்டியல் கிடைக்கும். குடும்பப் பெயரை வைத்து வடிகட்டத்தான் முதலில் கை போகும். வேண்டாம். லீ என்றால் சீனர், கொரியர், வெள்ளைக்காரர் யாராகவும் இருக்கலாம். சாண்டோஸ், குரூஸ் என்று ஸ்பானியப் பெயர் வைத்திருக்கும் பிலிப்பினோக்கள் வடிகட்டியில் சிக்கவே மாட்டார்கள். நம்மாட்களுக்கோ அப்பா பெயர்தான் குடும்பப் பெயர்.

அதைவிட, தேர்தல் தாள்களை எந்த மொழியில் கேட்டிருக்கிறார் என்று பாருங்கள். அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தில் 1975ல் சேர்த்த பிரிவின்படி எங்கள் கவுண்டியில் சீனம், வியட்நாமியம், தகாலோக் (பிலிப்பினோக்களின் மொழி) ஆகியவற்றில் வாக்குச்சீட்டு கொடுத்தாக வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் பிரசார மென்பொருள் எனக்குப் பிடிக்காது. கூகுள் ஷீட், ஒரு அட்டை, பேனா போதும். கதவு திறந்ததும் என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சீனத்திலேயே மாண்டரினா, கான்டனீஸா என்று தெரிந்தால்தான் அடுத்த சுற்றுக்குச் சரியான ஆளை அனுப்ப முடியும்.

2. பெயர் (நான் விழுந்த இடம்)

எங்கள் வேட்பாளர் சீனர் இல்லை. நண்பர் ஒருவர் அழகான மூன்றெழுத்துச் சீனப் பெயர் வைத்துக்கொடுத்தார். அதைப் பெரிதாகப் போட்டு 2,000 நோட்டீஸ் அடித்தோம்.

வாக்குச்சீட்டு தபாலில் வந்த வாரம். ஒரு பாட்டி வாசலிலேயே சீட்டையும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தித் தேடினார். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து. கடைசியில் ஏதோ சொன்னார். பேத்தி மொழிபெயர்த்தாள்: "இந்த ஆள் இதில் நிற்கவே இல்லையாம்."

காரணம், 2019ல் கலிஃபோர்னியா இயற்றிய ஏபி 57 என்ற சட்டம். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் சீனப் பெயர் வர, பிறப்பிலேயே சீன எழுத்தில் பெயர் இருக்க வேண்டும், அல்லது இரண்டு வருடமாகவாவது அந்தப் பெயரைப் பொதுவில் பயன்படுத்தியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஆங்கிலப் பெயரின் ஓசையைச் சீன எழுத்தில் பெயர்த்து அச்சிடுவார்கள். நாம் ஆசையாக வைத்த பெயர் செல்லாது.

அதனால் தேர்தல் அலுவலகம் எந்த எழுத்துகளை அச்சிடப் போகிறது என்று முதலில் கேட்டு வாங்குங்கள். அதையே காப்பி எடுத்து நோட்டீஸில் ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். ஓசை ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருப்பது சீனத்தில் சர்வசாதாரணம்.

இன்னொரு குழி எழுத்து வகை. பெருநிலச் சீனாவில் சுருக்கிய எழுத்து, தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய எழுத்து. கணினி மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்தால் பெரும்பாலும் சுருக்கிய எழுத்துதான் வரும். ஹாங்காங்காரர் அதை எப்படியோ படித்துவிடுவார், ஆனால் தனக்கு அடித்ததில்லை என்று உடனே தெரிந்துகொள்வார். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பழைய எழுத்தில் அடியுங்கள். எங்கள் வாக்குச்சீட்டும் அதில்தான் வருகிறது.

3. வீசாட்

அரட்டைச் செயலி என்றால் சீனர்களுக்கு வீசாட், கொரியர்களுக்கு காக்காவோடாக், நமக்கு வாட்ஸ்அப். வீசாட் குழுவுக்குள் நீங்களே நுழைந்து போஸ்டர் போடாதீர்கள், யாரும் சீண்ட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பழக்கமான ஒரு அம்மாவைப் பிடித்து, அவருடைய வார்த்தையிலேயே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ பள்ளி வாரிய உறுப்பினர் மூவரை வாக்காளர்கள் பதவியிலிருந்து இறக்கினார்களே, அங்குள்ள லோவல் என்ற அரசு உயர்நிலைப் பள்ளியின் மாணவர் சேர்க்கை முறையை அந்த வாரியம் மாற்றியதில் கொதித்த சீனப் பெற்றோர்கள் தாங்களே இறங்கி ஆள் சேர்த்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

4. குடியுரிமை

குடியுரிமை இன்னும் வாங்காத கிரீன் கார்டுக்காரரை வாக்காளராகப் பதியச் சொல்லாதீர்கள். தெரியாமல் பதிந்தாலும் பின்னால் அவருடைய குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகிவிடும்.

பிற்சேர்க்கை: தமிழில் வாக்குச்சீட்டு கிடையாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எங்கள் கவுண்டியில் தமிழ் மாதிரிச் சீட்டு உண்டு. ஆனால் அது பார்த்துக்கொள்ள மட்டும்தான், ஓட்டு வழக்கமான சீட்டில்தான் போட வேண்டும்.

இன்னொருவர் சொன்னது எனக்கே புதிது. அவர் மாமியார் பதிவு செய்தபோது சீன எழுத்தில் கையெழுத்திட்டாராம், ஓட்டுச் சீட்டை அனுப்பிய தபால் உறையில் ஆங்கிலத்தில். இரண்டும் பொருந்தவில்லை என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படிவத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சரியாகிவிடும், ஆனால் அவர் அதை விளம்பரத் தபால் என்று குப்பையில் போட்டுவிட்டார். ஓட்டு எண்ணப்படவில்லை. என் அட்டையில் இப்போது ஒரு கேள்வி கூடியிருக்கிறது: "பதிவு செய்தபோது கையெழுத்து எந்த எழுத்தில் போட்டீர்கள்?"